வீட்டுக்குள்ள நடக்கறத வெளிய சொல்ல யாரோட பர்மிஷன் வேணும்?

போன வாரம் ஜாலியா பேசினோம், இந்த வாரம் விஷயம் கொஞ்சம் கனம். 18 வயசு ஆகாத ஒருத்தருக்கு சொந்த வீட்லயே அடி, கொடுமை, பாலியல் தொல்லை நடந்தா சட்டத்துல என்ன வழி இருக்கு? நான் வக்கீல் இல்ல, சரவணம்பட்டில உக்காந்து கோட் அடிக்கற ஆளு. அதனால இத சட்ட ஆலோசனையா எடுத்துக்காதீங்க. படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன், அவ்வளவுதான். கேக்க கஷ்டமா இருந்தா பாஸ் பண்ணிட்டு அப்புறமா வாங்க.

2022 ஜூன்ல ஈரோட்ல வெளிவந்த வழக்கு ஞாபகம் இருக்கா? 16 வயசுப் பொண்ணு. சொந்த அம்மாவும், அம்மாவோட சேர்ந்து வாழ்ந்த ஆளும், அந்தப் பொண்ணோட கருமுட்டைய பல தடவை ஆஸ்பத்திரிகளுக்கு வித்திருக்காங்க. அந்த ஆள் மேல பாலியல் வன்கொடுமைப் புகாரும் இருந்துச்சு. வயச ஏத்திக் காட்ட போலி ஆதார் அடிச்சுக் குடுத்திருக்காங்க. அம்மா, அந்த ஆளு, புரோக்கர் பெண்மணி, ஆதார் விஷயத்துல உதவின இன்னொருத்தர்னு கைது நடந்துச்சு. ஜூலைல சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அந்த ஆஸ்பத்திரிகள் மேல நடவடிக்கைய அறிவிச்சார். கருமுட்டை தானம் பண்ண 23 வயசு ஆகியிருக்கணும், அதுவும் வாழ்க்கைல ஒரே தடவைதான்னு 2021லயே சட்டம் வந்தாச்சு. அப்படியும் நடந்திருக்கு. அந்தப் பொண்ணு பேரு, அம்மா பேரு எதுவும் நான் சொல்லப் போறதில்ல. பாதிக்கப்பட்ட குழந்தைய அடையாளம் காட்டறது குற்றம், வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுக்கும் அதே ரூல்தான்.

அன்னைக்கு எல்லாரும் ஆஸ்பத்திரி, ஸ்கேம், ஆதார்னு பேசினாங்க. எனக்கு மனசுல நின்னது வேற. இது எப்படி வெளிய வந்துச்சு? எந்த ஆபீஸ் செக்லயும் மாட்டல. அந்தப் பொண்ணு வீட்ட விட்டு வெளிய வந்து சொந்தக்காரங்ககிட்ட சொல்லுச்சு, அவங்க நம்பினாங்க, போலீஸுக்குப் போனாங்க. நம்ம பக்கம் இதுல எந்தப் படி நடக்கறதும் லேசுப்பட்டதில்லைங்க. "வீட்டு விஷயம் சந்திக்கு வரக்கூடாது", "நாலு பேரு என்ன பேசுவாங்க", "பெத்தவ அப்படிச் செய்வாளா கண்ணு"ன்னு முதல் ஆளே வாயடைச்சிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஸ்கூல் டூருக்குக் கூட அப்பா கையெழுத்து கேக்கற ஊர்ல வளர்ந்த பசங்களுக்கு, புகார் குடுக்கவும் பெத்தவங்க கையெழுத்து வேணும்னு ஒரு நினைப்பு இருக்கு. வேண்டாம். போக்சோ சட்டம் 2012, பிரிவு 19: குற்றம் நடந்தது தெரிஞ்ச யார் வேணும்னாலும் புகார் தரலாம், அந்தக் குழந்தையே தரலாம். வெளிப்படையா அப்படியே எழுதியிருக்கு. பையனுக்கு நடந்தாலும் இதே சட்டம்தான். பசங்க இத சொல்ல இன்னும் கூச்சப்படறாங்க, அதனால அழுத்திச் சொல்றேன்.

வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போயே ஆகணும்னு இல்ல. குழந்தை இருக்கற இடத்துக்கோ, அது சொல்ற இடத்துக்கோ போலீஸ் வரணும், யூனிஃபார்ம் இல்லாம. ராத்திரி ஸ்டேஷன்ல வச்சிருக்கவே கூடாது. கூட யார் இருக்கணும்? பெத்தவங்க, "அல்லது குழந்தை நம்பற வேற யாராவது". அந்த 'அல்லது'க்காகவே இந்தச் சட்டத்த எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பாலியல் விஷயம் இல்ல, ஆனா பெல்ட்ல அடி, சூடு, சோறு போடாம ரூம்ல பூட்டி வைக்கறதுன்னா? இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75. குழந்தைய தன் பொறுப்புல வச்சிருக்கறவங்களே கொடுமைப்படுத்தினா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். "அடியாத மாடு படியாது"ன்னு தாத்தா காலத்துல இருந்து ஓட்டிக்கிட்டு இருக்கோம். குழந்தையோட நல்லதுக்காக, நல்லெண்ணத்தோட கார்டியன் செய்யறது குற்றமாகாதுன்னு கிரிமினல் சட்டத்துல ஒரு பிரிவு இருக்கறது நிஜம்தான். பழைய ஐபிசில 89, இப்ப பாரதிய நியாய சன்ஹிதால 27. ஆனா அது 12 வயசுக்குக் கீழ மட்டும். பத்தாவது படிக்கற பிள்ளைய போட்டு அடிச்சுட்டு அந்தப் பிரிவுக்குப் பின்னாடி ஒளிய முடியாது.

அடுத்த பயம், "சொன்னா ஹோம்ல தூக்கிப் போட்டுருவாங்க". இது நியாயமான பயம், மழுப்ப மாட்டேன். முடிவு பண்றது மாவட்ட குழந்தைகள் நலக்குழு. ஒரு தலைவர், நாலு உறுப்பினர், மாஜிஸ்ட்ரேட் அதிகாரம் உண்டு. குழந்தை தானாவே அவங்க முன்னாடி போய் நிக்கலாம். தப்பு பண்ணவர் அதே வீட்ல இருக்கார்னா, போலீஸ் 24 மணி நேரத்துக்குள்ள குழு முன்னாடி கொண்டுபோகணும். அந்த வீட்ல இருந்து குழந்தைய எடுக்கணுமான்னு குழு 3 நாள்ல முடிவு பண்ணணும். அப்ப குழந்தை என்ன விரும்புதுன்னும் பாக்கணும். சட்டப்படி ஹோம் கடைசி வழிதான். பாட்டி, சித்தி, மாமான்னு நம்பிக்கையான ஒரு வீடு இருந்தா அதை முதல்ல பாப்பாங்க. அதனால "எனக்கு எங்க அமுச்சி வீடு சேஃப்"னு குழந்தை வாயத் திறந்து சொல்றது ரொம்ப முக்கியம். எல்லா ஊர்லயும் எல்லாம் புக்ல எழுதின மாதிரியே நடந்துரும்னு சொல்ல நான் வரல. ஆனா விதி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னா நடக்கற விதமே வேற.

அந்த ஒருத்தர் நீங்களா இருக்கலாம். இத கேக்கற நீங்க பெரும்பாலும் இருபதுகள்ல இருக்கீங்க. ஒரு கசின், பக்கத்து வீட்டுத் தம்பி, ட்யூஷன் எடுக்கற பொண்ணு உங்ககிட்ட வந்து, "அக்கா, யாருகிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?"ன்னு ஆரம்பிக்கும். அந்த சத்தியத்த மட்டும் பண்ணாதீங்க. பாலியல் குற்றம்னு தெரிஞ்சும் புகார் தராம இருந்தா உங்களுக்கே 6 மாசம் வரைக்கும் தண்டனை இருக்கு. சத்தியம் பண்ணிட்டு மீறினா அந்தக் குழந்தை இன்னொரு பெரியவங்கள நம்பாது. "உனக்குத் தெரியாம எதுவும் பண்ண மாட்டேன், ஆனா உன்னைய காப்பாத்தறதுக்கு சிலபேர்கிட்ட சொல்லியாகணும், நான் கூடவே இருப்பேன்"னு முதல்லயே நேர்மையா சொல்லுங்க. நல்லெண்ணத்துல புகார் குடுத்தவங்க மேல கேஸ் போட முடியாதுன்னும் அதே சட்டத்துல இருக்கு. இன்னொன்னு, குடும்பத்தக் கூட்டி வச்சுப் பஞ்சாயத்து பேசிடாதீங்க. அடிச்ச ஆளுக்கு உஷாராக டைம் குடுக்கற வேலை அது.

18 முடிஞ்சு காலேஜ் போற 19 வயசு ஆளுன்னா குழந்தைகள் சட்டம் பொருந்தாது. ஆனா நீங்க மேஜர், எங்க இருக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். பொண்ணுங்களுக்கு 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் புருஷன் விஷயத்துக்கு மட்டுமில்ல, அப்பா, அண்ணன் மேலயும் போகலாம். 181க்கு அடிங்க.

18க்குக் கீழன்னா 1098. 24 மணி நேரமும் ஓடும், காசு இல்ல. 1996ல மும்பைல ஆரம்பிச்சது, இப்ப அரசே நடத்துது. உடனடி ஆபத்துன்னா 112. வக்கீலுக்குக் காசில்லைன்னு யாரும் நிக்க வேண்டாம், பொண்ணுங்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம சட்ட உதவி இலவசம். 15100க்கு அடிக்கலாம், இல்லன்னா கோயம்புத்தூர் கோர்ட் வளாகத்துல இருக்கற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேராப் போகலாம். 1098ல பேசும்போது முதல்ல எந்த ஊர், எந்த ஏரியான்னு சொல்லிருங்க, லைன் கட்டானாலும் அவங்களுக்குத் தேட ஒரு இடம் தெரிஞ்சிருக்கும். அப்புறம் அந்த வீட்டு போன்ல இருந்து பண்ணியிருந்தா கால் லாக்க அழிச்சிருங்க.