வழக்குக் கட்டோடு வந்தவர்கள்



'பொதுப்பணியில் வழக்கறிஞர்கள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. வாழ்நாள் முழுக்க வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த வக்கீல் முதல் நாள் ராத்திரியே கட்டைப் பிரித்துப் படிக்கிறார், எவர் கோர்ட்டுப் படியில் ஏறும்போது 'இன்னைக்கு என்ன கேஸ்?' என்று கேட்கிறார் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். நீதிபதிக்கு அதற்கு அப்புறம்தான் தெரியும். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

அடுத்த மாதம் நம் வாசகசாலையின் பொதுக்குழு. நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக ஆள் எடுக்கப் போகிறோம். 'ரெண்டு வக்கீல் பேரைப் போட்டு வையுங்க, லெட்டர்பேடு எடுப்பா இருக்கும், எதிராளியும் கொஞ்சம் பயப்படுவான்' என்று நாலு பேர் சொல்கிறார்கள். வக்கீலைப் போடத்தான் வேண்டும். நான் கேட்பது வேறு. எந்த வக்கீலை? இத்தனை வருஷம் அவர் யாருக்காக, எந்தக் கோர்ட்டில், என்ன வழக்கு நடத்தினார்? அதைக் கேட்காமல் பெயரை எழுதினால், கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டி வைத்ததற்குச் சமம்!

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பச்சையப்ப முதலியாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக, இருந்து சம்பாதித்த மனிதர் கண்ணை மூடியது நம் திருவையாற்றில், 1794-இல். சொத்தையெல்லாம் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் என்ன நடந்தது? தர்மச் சொத்துக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். பணம் வழக்கிலே கிடந்தது. அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தது எப்போது தெரியுமா? 1842-இல். நாற்பத்தெட்டு வருஷம்! அவர் போன அன்று பிறந்த பிள்ளை பேரனைப் பார்த்திருப்பான்.

அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொண்டுவந்து சேர்த்ததில் பெரிய பங்கு ஒரு வெள்ளைக்கார வக்கீலுக்கு உண்டு. ஜார்ஜ் நார்ட்டன். சென்னையின் அட்வகேட் ஜெனரல். அதே காலத்தில் சென்னையில் உயர்நிலைப் பள்ளி நடத்திய பல்கலைக்கழக வாரியத்துக்கும் அவர்தான் தலைவர். அந்தப் பள்ளிதான் பிறகு மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. ஒரு கையில் வழக்கு, இன்னொரு கையில் பள்ளிக்கூடம். அதனால்தான் தர்மப் பணம் படிப்புக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இன்றைக்கும் சிவில் நடைமுறைச் சட்டம் 92-ஆவது பிரிவைப் பாருங்கள். பொது தர்மத்தின் சொத்தை நிர்வாகிகள் பாழாக்கினால் அட்வகேட் ஜெனரல் வழக்குப் போடலாம். இல்லை என்றால் அந்தத் தர்மத்தில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, கோர்ட்டின் அனுமதி வாங்கிப் போடலாம். இரண்டே பேர்! இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம்!

கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள், அந்த 92-ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு தட்டுங்கள். சில பேர் காதிலே அது விழ வேண்டும்.

நார்ட்டன் வேற்று நாட்டுக்காரர். நம் கரந்தைக்கு வாருங்கள். தமிழவேள் உமாமகேசுவரனார். கலெக்டர் ஆபீசில் எழுத்தராக இருந்தவர், வேலையை விட்டுச் சட்டம் படித்து, இதே தஞ்சாவூரில் வக்கீல் தொழில் பார்த்தவர். 1911-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கம் தொடங்கியபோது தலைவரானார். 1941-இல் காலமாகும் வரைக்கும் அவர்தான் தலைவர். முப்பது வருஷம்! 1925-இல் 'தமிழ்ப் பொழில்' பத்திரிகை. 1938-இல் புலவர் கல்லூரி. தமிழ் தெரிந்த புலவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழும் தெரிந்து, ஒரு சங்கத்துக்கு இடம் வாங்கி, பத்திரம் எழுதி, கணக்குக் காட்டி, சர்க்காருக்கு மனுப் போட்டு, நூறு வருஷம் நிற்கிற மாதிரி அஸ்திவாரம் போடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கலெக்டர் ஆபீசில் கோப்பு எழுதிய கை, கோர்ட்டில் வாதாடிய வாய், இரண்டும் தமிழுக்கு வந்து சேர்ந்தன. அதனால் கரந்தைச் சங்கம் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது எனக்கு நம் ஐயா ஞாபகம் வராமல் இருக்காது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எழுந்து போய்விடுவார். இந்த அரங்கத்தில்தான் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கிறார். மேடைக்குக் கூப்பிட்டோம், வர மறுத்துவிட்டார். திரும்பிப் பார்க்காதீர்கள், அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

நம் வாசகசாலையின் வடக்குப் பக்கத்து மனை எப்படிக் கைவிட்டுப் போக இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். என்றோ ஒரு காலத்தில் வாடகைக்கு விட்ட இடம். ஒப்பந்தம் வாய் வார்த்தை. பத்திரம் இல்லை, பதிவு இல்லை. வாடகை நின்று போனது. கேட்டால், 'பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவித்து வருகிறேன், இடம் எனக்குத்தான்' என்றார்கள். ஊரே கையைப் பிசைந்தது. ஐயா அப்போது நம் நிர்வாகக் குழுவில் இருந்தார். சிவில் வக்கீல். வாடகை வழக்கு, பாகப்பிரிவினை, எல்லைத் தகராறு என்று முன்சீப் கோர்ட்டிலேயே முடி நரைத்தவர். அவர் யாரையும் திட்டவில்லை, மறியல் செய்யச் சொல்லவில்லை. 'பழைய தீர்மானப் புத்தகத்தையும் வரவு செலவு நோட்டையும் எடுத்து வாருங்கள்' என்றார். அவ்வளவுதான்.

கரையான் அரித்த நோட்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினார். அதிலே வந்தது, 'வடக்கு மனை வாடகை வரவு' என்று மாதா மாதம் வரி! வாடகை கொடுத்தவன் வாடகைதாரன். உள்ளே விட்டவருக்கே அந்த இடத்தில் உரிமை இல்லை என்று வாடகைதாரன் சொல்ல முடியாது. எதிர் அனுபவம் என்கிற வாதம் அங்கே எடுபடாது. கிரிமினல் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் புலியாக இருக்கிற வக்கீலுக்கு அந்த நோட்டு குப்பையாகத் தெரிந்திருக்கலாம். வாடகை வழக்கு நடத்தி வந்தவர் கண்ணுக்கு அது பொக்கிஷமாகத் தெரிந்தது. எந்த வழக்கு நடத்தினார் என்று பாருங்கள் என நான் சொல்வது இதற்காகத்தான்!

இனிமேல்தான் முக்கியமான இடம். சரி, வழக்கை நீங்களே நடத்துங்கள் என்று குழு சொன்னது. ஐயா என்ன செய்தார்? மறுநாள் காலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். குழுவை விட்டு விலகினார்!

ஊர் என்ன பேசியது? 'வழக்குத் தோற்கும் என்று பயந்து ஓடிவிட்டார்.' 'எதிராளியிடம் போய்விட்டார்.' 'செயலாளரோடு சண்டை.' டீக்கடையில் பேசினார்கள், கல்யாண வீட்டில் பேசினார்கள். இன்றைக்கு வேறு ஒரு மன்றத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு நம் மேல் சேறு வாரி இறைக்கிறார்களே, அவர்கள்தான் அன்று அதிகம் பேசினார்கள். நான் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, உங்கள் சிரிப்பே சொல்கிறது. அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து பதில் சொல்கிறேன். இந்திய பார் கவுன்சில் விதியைப் படித்துப் பாருங்கள்! ஓர் அமைப்பின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருக்கிற வக்கீல், அந்த அமைப்புக்காகவோ அதற்கு எதிராகவோ கோர்ட்டில் ஆஜராகக் கூடாது. எழுதி வைத்த விதி. வழக்கறிஞர் சங்கங்கள் மாதிரி சில அமைப்புகளுக்குக் கட்டணம் வாங்காமல் ஆஜராகலாம் என்று விலக்கு உண்டு. நம் மாதிரி வாசகசாலைக்குக் கிடையாது. நமக்காக வாதாட வேண்டும் என்றால் நம் குழுவை விட்டு அவர் விலகித்தான் ஆக வேண்டும். விலகினார். ஒரு பைசா வாங்காமல் வழக்கை நடத்தினார். வாய்தா மேல் வாய்தா, மேல்முறையீடு, அத்தனைக்கும் போனார். இன்று அந்த மனையில் நம் பிள்ளைகளுக்குப் படிப்பறை இருக்கிறது.

ஆனால் அவரைப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர்கூட வந்து வருத்தம் சொல்லவில்லை. எனக்கு அது ஆறவில்லை. ஆறாது.

இன்னொரு பக்கம், அந்த அவதூறு பேசியவர்கள் தங்கள் மன்றத்தின் அழைப்பிதழில் எத்தனை வக்கீல் பெயர் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். அரைப் பக்கம்! அதில் எத்தனை பேர் ஒரு கூட்டத்துக்காவது வந்து தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார்கள்? பெயர் இரவல் கொடுக்கிறவர் வக்கீலாக இருந்தால் என்ன, வேறு யாராக இருந்தால் என்ன?

சரி, அவர்களை விடுவோம். தாய்மார்கள் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். துர்காபாய் தேஷ்முக் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் என் பேச்சு பாதிப் பேச்சு. ராஜமுந்திரியில் 1909-இல் பிறந்தவர். எட்டு வயதில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். வளர்ந்த பிறகு அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வெளியே வந்த பெண். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை. வேலூரும் மதுரையும் அவர் இருந்த சிறைகள். உள்ளே எழுதப் படிக்கத் தெரியாத பெண் கைதிகளைப் பார்க்கிறார். எதற்காகத் தண்டனை, எந்தச் சட்டம் என்றே தெரியாமல் கிடக்கிற பெண்கள். அந்தப் பெண்கள் அவர் மனதை விட்டுப் போகவில்லை. சிறையை விட்டு வந்து படித்து, 1942-இல் சென்னையில் வக்கீலாகிறார். அதற்கு முன்பே, 1937-இல், சென்னையில் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கிவிட்டார். அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தார். 1953-இல் மத்திய சமூக நல வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். குடும்ப வழக்குகளுக்குத் தனிக் கோர்ட்டு வேண்டும் என்று ஐம்பதுகளிலேயே குரல் கொடுத்தார். குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது 1984-இல். பார்க்க அவர் இல்லை, 1981-இல் போய்விட்டார்.

சிறையில் பார்த்த முகங்களை அவர் வாரியத்து மேஜை வரைக்கும் கொண்டுபோனார். நம் குழுவுக்கும் அப்படி ஒரு பெண் வக்கீல் வேண்டும். ஜீவனாம்ச வழக்கும் குடும்ப வன்முறை வழக்கும் நடத்தி, கோர்ட்டு வராந்தாவில் கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்த வக்கீல் வேண்டும். நம் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சட்ட ஆலோசனை நடத்துகிறோமே, அங்கே வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு இந்த விஷயமே தெரியாது: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன்படி, பெண் என்றால் இலவச வக்கீல் வாங்க வருமானம் பார்க்க வேண்டியதில்லை. பெண்ணாக இருந்தால் போதும். குழந்தைகளுக்கு, பட்டியல் சாதியினருக்கு, பழங்குடியினருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு, காவலில் இருப்பவர்களுக்கும் அப்படித்தான். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி, அமெரிக்காவிலிருந்து. அங்கே ஏழைகளின் சட்ட உதவிக்கு 1974-இல் ஒரு சட்டம் போட்டு ஒரு கழகம் அமைத்தார்கள். அந்தக் கழகத்திடம் பணம் வாங்கி ஊர் ஊராகச் சட்ட உதவி செய்கிற அமைப்புகளின் நிர்வாகக் குழுவில் நூற்றுக்கு அறுபது பேராவது வக்கீல்களாக இருக்க வேண்டும் என்று பல வருஷம் விதி இருந்தது. அதுவும் பாதிக்கு மேற்பட்ட இடங்களுக்கு அந்தந்தப் பகுதி வழக்கறிஞர் சங்கம் பார்த்து அனுப்பிய வக்கீல்கள். அதோடு விட்டார்களா? இல்லை. மூன்றில் ஒரு பங்கு, அந்த உதவியைப் பெறத் தகுதியுள்ள ஏழை மக்கள்! வக்கீல் பக்கத்திலேயே கட்சிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வக்கீல் சட்டம் பேசும்போது, 'ஐயா, நீங்க சொல்ற ஆபீஸ் எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறணும்' என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். நம் துணைவிதியில் அப்படி ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டமும் தடையில்லை.

அதனால் நான் முன்மொழிகிறேன். வருகிற பொதுக்குழுவில் குழுவுக்கு வர விரும்புகிற ஒவ்வொரு வக்கீலும், பட்டத்தை எழுத வேண்டாம், இத்தனை வருஷம் என்ன மாதிரி வழக்கு நடத்தினார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். நில வழக்குத் தெரிந்தவர் ஒருவர், குடும்ப வழக்கு நடத்திய பெண் வக்கீல் ஒருவர், வருமான வரியும் தர்ம ஸ்தாபனக் கணக்கும் தெரிந்தவர் ஒருவர். இவர்களோடு, நம் ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு உதவி கேட்டு வந்தவர்களில் இரண்டு பேர்.

அந்த நில வழக்கு இடத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. மனை வழக்கு முடிந்துவிட்டது. இனி அவர் நமக்காகக் கோர்ட்டில் நிற்க வேண்டிய வேலை இல்லை, குழுவில் உட்கார எந்த விதியும் குறுக்கே நிற்காது. ஐயாவைத் திரும்ப அழைக்கும் தீர்மானத்தை இந்த மேடையிலேயே முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கையைத் தூக்குங்கள். உயரத் தூக்குங்கள், கடைசி வரிசையில் இருக்கிறவருக்குத் தெரிய வேண்டும்!