ஒரே தண்ணீர், வேறு வேறு உடம்பு



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இன்னும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான். அதைக் குடிக்கிற எல்லோருக்கும் இன்று ஒரு தகவல்.

மேற்கு வங்கத்தில், 1980களில், கிராமத்து மக்கள் பலர் மருத்துவர்களிடம் வந்தார்கள். தோலில் கரும்புள்ளிகள். உள்ளங்கையில் தடிப்பு. காரணம், குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஆர்சனிக். நிலத்தடி மண்ணிலேயே இருக்கும் நஞ்சு அது. கலந்திருந்தாலும் நிறம் தெரியாது. மணம் தெரியாது. சுவையும் தெரியாது.

ஒரே குழாயில் குடித்தவர்களில் சிலருக்கு நோய் வந்தது. சிலருக்கு வரவில்லை. ஏன்? கத்தரிக்காய்க் குழம்பை வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறோம். ஒருவருக்கு மட்டும் உடம்பு அரிக்கிறது அல்லவா? உடம்புக்கு உடம்பு வேறு.

ஆர்சனிக்கை மாற்றி, சிறுநீரோடு வெளியேற உதவுவது கல்லீரல். அந்த வேலை எவ்வளவு நன்றாக நடக்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைக் கிராமங்கள் சிலவற்றில் தலைமுறை தலைமுறையாக ஆர்சனிக் கலந்த தண்ணீரைத்தான் குடித்து வந்தார்கள். அதை நன்றாகக் கையாளும் மரபணு வகை அந்த மக்களிடம் அதிகம். நம்மில் யாருக்கு அது இருக்கிறது? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆர்சனிக் போகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்குப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. தண்ணீரைக் கொடுக்கும்போது, ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறுபடியும் சொல்கிறேன். காய்ச்சினால் போகாது. சோதித்தால்தான் தெரியும். இந்த வாரமே சோதியுங்கள்.