இடுப்பு வலியும் கை அறியும் மருத்துவமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

இம்மேடையில் இலக்கியம் பேச வல்லவர் பலர் உளர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தனாகிய எனக்கு மருத்துவம் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். நானும் என் இல்லாளும் இடுப்பு வலியால் துன்புற்றவர்கள். என் வலிக்கு நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். அவள் வலிக்கோ செவி கொடுக்கவும் தவறினேன். அத்தவறு எனக்குக் கற்பித்ததைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

இடுப்பு வலி ஒருவர் இருவரின் துன்பம் அன்று. 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவ்வலியில் பத்தில் ஒன்பது பங்கு, இன்ன நோயால் வந்தது என்று சுட்டிக் கூற இயலாத வகையைச் சேர்ந்தது. எக்ஸ்ரே படத்தில் குறை ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். ஆயினும் வலி உண்மையாகவே இருக்கிறது. "படம் நன்றாக இருக்கிறதே, பிறகு என்ன வலி?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பதற்கு இதுவே காரணம்.

எங்கள் இரண்டாம் குழந்தை பிறந்த பின் என் இல்லாளுக்கு இடுப்பில் வலி தொடங்கிற்று. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் அலுவலகம் செல்வேன். பதினொரு மாதங்கள் சென்றன. ஒருநாள் இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பினேன். அவள் நாற்காலியில் அமர்ந்தபடியே, மடியில் குழந்தையுடன் உறங்கிக்கொண்டிருந்தாள். படுத்தால் வலிக்கிறது என்பதால் பல இரவுகள் அப்படியே கழிந்தன என்பதை அன்றுதான் அறிந்தேன். என் தலை தாழ்ந்தது.

நகரத்தில் இயன்முறை மருத்துவ அம்மையார் ஒருவரிடம் அவளை அழைத்துச் சென்றேன். அவர் ஆஸ்டியோபதி முறைகளையும் பயின்றவர். படங்களைப் பார்க்குமுன் அவர் இந்தியில் ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, எந்தப் பக்கம் படுத்தால் வலி சற்றுக் குறைகிறது?" பதினொரு மாதங்களில் நான் ஒருமுறையும் கேளாத கேள்வி அது!

ஆஸ்டியோபதி என்பது அமெரிக்காவில் தோன்றிய முறை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்னும் மருத்துவர் 1874இல் அதை அறிவித்து, 1892இல் மிசௌரி மாநிலத்துக் கர்க்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரியும் நிறுவினார். நோய்கள் பலவற்றுக்கும் எலும்புகளின் நிலைமாற்றமே மூலம் என்று அவர் கருதியதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. எனினும், உடலைக் கையால் தொட்டு அறியும் பழக்கத்தை அம்முறை நுணுக்கமாக வளர்த்தது. அவர்கள் தேடும் அடையாளங்கள் நான்கு. தொட்டால் வலிக்கிறதா? இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா? அசைவு எங்கே தடைப்படுகிறது? தசை இறுகியோ தடித்தோ இருக்கிறதா? இவையே அந்நான்கு.

வலிக்கும் இடம் ஒன்றாகவும், வலிக்கு மூலமான தசை வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதை நான் அங்கேதான் கண்டேன். கீழ்முதுகெலும்பின் இருபுறமும் தொடங்கி, வயிற்றின் உட்புறமாக இறங்கித் தொடையெலும்பில் முடியும் தசைக்குச் சோயாஸ் என்று பெயர். தொடையை மேலே தூக்குவது அதன் தொழில். அது குறுகி இறுகினால் எழுந்து நிற்கும்போது முதுகெலும்பை முன்னே இழுக்கும். வலியோ பின்னே தோன்றும். என்னைக் கட்டிலின் விளிம்பில் மல்லாந்து படுக்கச் செய்து, ஒரு முழங்காலை மார்போடு அணைக்கச் சொன்னார். மற்றத் தொடை கட்டிலைத் தொடாமல் உயர்ந்தே நின்றது. நாள்தோறும் நாற்காலியில் அமர்ந்த பழக்கம் அதில் தெரிகிறது என்றார்.

என் இல்லாளுக்கு வேறு இரு தசைகள் இறுகியிருந்தன. ஒன்று, கடைசி விலாவையும் இடுப்பெலும்பையும் இணைப்பது. மற்றொன்று, முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பிலிருந்து தொடைக்குச் செல்லும் பிரிபார்மிஸ். காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு இதை ஒட்டி இறங்குவதால், வலி கால்வரை ஓடுவதும் உண்டு. கருவுற்ற காலத்தில் இடுப்பு மூட்டுகளின் தசைநார்கள் தளர்கின்றன. அச்சுமையைத் தசைகள் தாங்க நேர்கிறது. அதன்மேல் எப்போதும் ஒரே இடுப்பில் குழந்தையைச் சுமப்பதும் சேர்ந்துகொண்டது.

இனிச் சிகிச்சையைக் கூறுவேன். பிரெட் மிட்செல் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையில், நோயாளியே வேலை செய்கிறார். இறுகிய தசையை அதன் எல்லைவரை நீட்டி, மருத்துவரின் கைக்கு எதிராக ஐந்து விநாடி மெல்ல அழுத்த வேண்டும். பின் தளர்த்த வேண்டும். எல்லை சற்று விரியும். இவ்வாறு மூன்று முதல் ஐந்து முறை செய்வர். மற்றொரு முறை லாரன்ஸ் ஜோன்ஸ் என்பவருடையது. 1955இல் வலியால் உறங்க முடியாத ஒருவருக்கு, வலி குறைவாக உள்ள நிலையைப் பொறுமையாகத் தேடிக் கண்டு, அந்நிலையிலேயே படுக்க வைத்தார். சிறிது நேரம் கழித்து அவர் நிமிர்ந்து எழுந்தார். எங்கள் அம்மையார் கேட்ட கேள்வியின் பிறப்பிடம் இதுவே.

இதனை மந்திரமென்று எண்ணிவிடாதீர்கள். 1999இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், 155 நோயாளிகளைப் பன்னிரண்டு வாரம் கவனித்தனர். ஆஸ்டியோபதி பெற்றோரும் வழக்கமான சிகிச்சை பெற்றோரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்தனர். முன்னவர் உட்கொண்ட மருந்து மட்டும் குறைவு. மிட்செல் முறையின் பயன் இன்னும் உறுதிப்படவில்லை என 2015இல் ஒரு தொகுப்பாய்வும் கூறிற்று. என் இல்லாளின் வலி இரண்டு மாதங்களில் பெரிதும் தணிந்தது. மழைக்காலத்தில் இன்றும் சிறிது எட்டிப் பார்க்கிறது என்பதையும் நான் மறைக்க மாட்டேன்.

எச்சரிக்கை ஒன்று. இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்தாலோ, அடக்க இயலாது போனாலோ, தொடைகளின் நடுவே மரத்துப் போனாலோ, கால் வலுவிழந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபடுதல், முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவை இருப்பினும் மருத்துவரையே முதலில் காண வேண்டும். யாரிடமும் முதுகைக் கொடுத்துச் சொடுக்குப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நண்பர்களே! அரை மணிக்கு ஒருமுறை இருக்கையை விட்டு எழுங்கள். கால்சட்டையின் பின்பையில் உள்ள தடித்த பணப்பையை எடுத்துவிட்டு அமருங்கள். குழந்தையை இடம் மாற்றி இடம் மாற்றிச் சுமங்கள், தந்தையரும் சுமங்கள். அனைத்திற்கும் மேலாக, இன்றிரவு விழா முடிந்து வீடு சென்றதும், உங்கள் வீட்டுத் தாய்மாரிடம், "உறக்கம் நன்றாக வருகிறதா? எங்கேனும் வலிக்கிறதா?" என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். அக்கேள்விக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. அதைக் கேட்க எனக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.