உரிமம் ஒருவருக்கு, விழிப்பு ஊருக்கு

விடிந்தால் பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கூட வேனில் ஏற்ற வேண்டியவர்களே!

பெங்களூரு இந்திரா நகர் 1970களின் பிற்பகுதியில் மக்கள் குடியிருப்பதற்கென்று மனை பிரித்துப் போட்ட இடம். ராணுவத்தாருக்காக அங்கே டிஃபென்ஸ் காலனி என்றே ஒரு பகுதி உண்டு. இன்று 100 அடி சாலையிலும் 12ஆவது மெயினிலும் போய்ப் பாருங்கள், மாடிக்கு மாடி பப். "பப் பக்கத்தில் வந்து குடியேறியது யார் குற்றம்?" என்று கேட்கிறார்கள் சிலர். வீடு முதலில் வந்ததா, பப் முதலில் வந்ததா என்பது இந்திரா நகரில் பட்டிமன்றம் நடத்த வேண்டிய விஷயமே இல்லை.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை, குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்; வணிகப் பகுதியில் 55. ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டன. மூடிய அரங்கத்துக்கு வெளியே இரவில் ஒலிபெருக்கியே கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. மொட்டை மாடியில் நான்கு தூண் நட்டு, மேலே தார்ப்பாய் கட்டினால் அது மூடிய அரங்கமா? தார்ப்பாய் மழையைத் தடுக்கும். பாட்டைத் தடுக்குமா?

சட்டம் போட்டவர்கள் இன்னொரு வேடிக்கையும் செய்திருக்கிறார்கள். வரம்பைத் தாண்டி 10 டெசிபல் கூடினால்தான் அளவை வைத்துப் புகார் கொடுக்கலாமாம். 10 டெசிபல் என்றால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு! இரவு நேரத் தடையை மீறினாலே புகார் தரலாம் என்று பிறகு திருத்தினார்கள். அது எத்தனை காவல் நிலையங்களுக்குத் தெரியும்?

சரி, அதிகாரி வருகிறார், மீட்டரை நீட்டுகிறார், "அளவு சரியாகத்தானே இருக்கிறது" என்கிறார். பெரும்பாலும் அவர் பொய் சொல்லவில்லை. அந்த மீட்டர் 'டெசிபல் ஏ' கணக்கில் அளக்கிறது. மனிதக் காது மெல்லிய ஒலியைக் கேட்கும் விதத்தை ஒட்டி அமைந்த கணக்கு அது. 63 ஹெர்ட்ஸில் வரும் பேஸ் ஒலியில் 26 டெசிபலைத் தள்ளுபடி செய்துவிடும். சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து கட்டிலை அதிரவைப்பது அந்த பேஸ்தான். தள்ளுபடி பப்புக்கு, அதிர்வு கட்டிலில் படுத்திருப்பவருக்கு.

பணக்காரர் வீட்டுத் தூக்கத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைக்க வேண்டாம். 1998 ஜனவரியில் பத்திரிகைகளில் வந்த ஒரு செய்தி. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது போட்ட கூக்குரல், அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியில் அமுங்கிப்போனது. அன்று மாலையே அந்தக் குழந்தை தீக்குளித்து இறந்தது. அதைப் படித்துக் கொதித்த ஒரு பொறியாளர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான், 2005 ஜூலை 18 அன்று, நிம்மதியாக வாழ்வது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று தீர்ப்பு வந்தது. கோயில், கட்சிக் கூட்டம், கல்யாணம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். இந்த மேடையின் மைக்கும் பத்து மணிக்கு அணைந்துவிடும். ஏற்பாட்டாளர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

சட்டம் இருந்தும் தூக்கம் ஏன் வரவில்லை? மதுவுக்கு உரிமம் தருவது கலால் துறை. பாட்டுக்கு போலீஸ் கமிஷனர். அதற்கான 2005ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2018 ஜனவரியில் சொல்லிவிட்டது. கடை நடத்த மாநகராட்சி. ஒலி அளவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நான்கு வாசல். கடைக்காரருக்கும் அதே நான்கு வாசல்தான், ஆனால் ஏறி இறங்க அவர் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார். நள்ளிரவில் 112க்குப் போன் செய்யும் பாட்டிக்கு யார் இருக்கிறார்கள்? போலீஸ் வந்தால் பாட்டு குறைகிறது. ஜீப் திரும்பினால் ஏறுகிறது. அந்தப் புகார் கலால் துறையின் கோப்புக்குப் போவதில்லை.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் வேறு வழி காட்டுகிறது. பொதுத் தொல்லையைத் தடுப்பது அங்கே மது உரிமத்தின் நான்கு நோக்கங்களில் ஒன்று. குடியிருப்பவர் ஒருவரே மறுபரிசீலனை கேட்டு மனுப்போடலாம். உள்ளாட்சி மன்றம் நேரத்தைக் குறைக்கலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், உரிமத்தையே பறிக்கலாம். அங்கேயும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. மான்செஸ்டரில் 1991 முதல் நடக்கும் 'நைட் அண்ட் டே கஃபே' என்ற இசையரங்கத்துக்கு, கொரோனா முடக்கக் காலத்தில் பக்கத்தில் குடிவந்தவரின் புகாரால் 2021இல் நோட்டீஸ் போனது. வழக்கு 2024 வரை இழுத்தது. இசையரங்கத்தை ஒட்டி வீடு கட்ட அனுமதித்தவர்கள் சுவரை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது. அங்கே கடைக்காரர் பக்கமும் நியாயம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே நாம் கேட்பது இதுதான். கர்நாடகத்தில் கலால் ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது. ஜூலை 1இல் உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கு முன்னால் அந்தந்தக் கடை மீது வந்த புகார்கள் அத்தனையும், தேதியோடும் நேரத்தோடும், கலால் துறையின் கோப்பில் ஏற வேண்டும். அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கேட்ட பிறகே அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். பேஸ் ஒலியையும் கணக்கில் எடுக்கும் 'டெசிபல் சி' முறையில், படுக்கையறைக்குள் வைத்து அளக்க வேண்டும். இதைக் கேட்கும் மனு மேடைக்கு இடது பக்க மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு வீட்டு எண்ணையும், கடைசியாக எத்தனை மணிக்குப் பாட்டு நின்றது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.