ஒரே பந்தி



1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பன் வந்திறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்களும், அண்மையில் மென்பொருள் வேலைக்கு ஜோகன்னஸ்பர்க் வந்தவர்களும் நம் தமிழ்ச் சங்கத்தின் இந்த அரங்கில் கலந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். இனத்தையும் குடியேற்றத்தையும் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் அதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் தொடங்க வேண்டும்.

கேப் பகுதியின் டச்சு சீர்திருத்தச் சபை, நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்று 1829ல் முடிவு செய்தது. 1857ல் அதே சபையின் பேரவை மறுபடி கூடியது. ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு உகந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரல்லாத விசுவாசிகள் தனிக் கட்டடத்தில் கூடலாம் என்றது. அந்தப் பலவீனர் யார் தெரியுமா? கறுத்தவர் பக்கத்தில் உட்காரச் சகிக்காத வெள்ளையர்! அவர்களுக்காகக் காட்டிய சலுகை, 1881ல் கலப்பினத்தாருக்கென்று தனிச் சபையானது. 1968ல் நம்மவருக்கென்று ஓர் இந்தியச் சபையும் வந்தது. 1974ல் டச்சு சீர்திருத்தச் சபை வெளியிட்ட அறிக்கையில், இனங்களைப் பிரித்து வைப்பதற்கு, மொழிகள் பிரிந்த பாபேல் கோபுரத்தையே துணைக்கு அழைத்தார்கள். சலுகை முந்திக்கொண்டது, அதற்கு ஏற்ற இறையியல் பின்னால் நடந்து வந்தது. எதிர்ப்பும் அந்தத் தள்ளிவைத்த சபைக்குள்ளிருந்தே கிளம்பியது. கலப்பினத்தார் சபை 1982ல் எழுதிய பெல்ஹார் அறிக்கை, இப்படிப் பிரிப்பது நற்செய்திக்கே விரோதம் என்று அறிவித்தது.

இதைச் சொல்லி நாம் நிமிர்ந்து உட்கார முடியாது. கோயிலில் சாதி வேற்றுமை கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833ல் கண்டித்து எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நம் கிறிஸ்தவர்கள் பலர் கொதித்தெழுந்தார்கள். வடக்கன்குளத்தில் இரண்டு கால்கள் விரிந்தாற்போலக் கோயில் கட்டி, சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். 1910ல் நடுத்தடுப்பை அகற்றியதும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கப்பலேறும்போது நாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவற்றில் இதுவும் உண்டு.

ஆதித் திருச்சபையிலும் சண்டை பந்தியில்தான் வெடித்தது. அந்தியோக்கியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டார். விருத்தசேதனம் செய்து யூதராக மாறினால்தான் உள்ளே வரலாமா என்ற கேள்விக்கு, வேண்டியதில்லை என்று எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் தீர்த்தார்கள். எனக்கு இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கிறிஸ்தவப் பார்வை: வந்தவனை உன்னைப்போல மாறச் சொல்லாதே, மாறவில்லை என்பதற்காகப் பந்தியிலிருந்து எழுப்பவும் செய்யாதே. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இனஒதுக்கலுக்கே அது வசதியாகப் போகும். ‘அவரவர் மொழி, அவரவர் பண்பாடு’ என்று அந்த ஆட்சிக்காரர்களும் இனிக்க இனிக்கத்தான் பேசினார்கள்.

குடியேற்றத்துக்கு வந்தால், 1961 வரை இந்தியர்களை இந்நாட்டு அரசு ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய அந்நியராகவே கணக்கில் வைத்திருந்தது. 2008ல் அந்நியர் என்ற அதே பெயரைச் சொல்லி ஜோகன்னஸ்பர்க்கில் ஜிம்பாப்வேக்காரர்களையும் மொசாம்பிக்காரர்களையும் விரட்டி அடித்தார்கள், கொன்றார்கள். நகரின் நடுவிலிருந்த மெதடிஸ்ட் தேவாலயத்தில் பிஷப் பால் வெரின் அகதிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார். படிக்கட்டு, தரை, இருக்கை எங்கும் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். அழுக்கு, நாற்றம், குற்றம் என்று புகார்கள் குவிந்தன. எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவர் கதவைச் சாத்தவில்லை.

நம் சங்கத்துக்கு அவ்வளவு பெரிய சோதனை எதுவும் வரவில்லை. தமிழுக்கென்று தனியாகக் கூடுவதில் எனக்குத் துளியும் குற்ற உணர்வு இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அம்மா ஜூலுப் பெண்ணாகவும் அப்பா தமிழராகவும் உள்ள பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழ் வகுப்பின் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் இருவரும் தமிழரா என்று ஒரு கேள்வி இருக்குமானால், செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே அதை அடித்துவிட வேண்டும்.