கோடையில் நிற்கும் டிராக்டரும் அதன் பாட்டரியும்

(வானொலி உரை)



சம்பா, தாளடி அறுவடை முடிந்ததும் காவிரிப் பாசனப் பகுதியில் பல வீடுகளில் டிராக்டருக்கு ஓய்வு. பங்குனியில் கொட்டகைக்குள் விட்டால், மேட்டூரில் தண்ணீர் திறந்த சேதி வரும்வரை அப்படியே நிற்கும். ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் விட்டால் ஊரே ஒன்றாக உழவுக்கு இறங்கும். அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். சார்ஜ் கடைக்குத் தூக்கிப் போனால் அங்கே ஏற்கெனவே பாட்டரிகள் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர் பார்த்துவிட்டு, "செல் போச்சுங்க, புதுசு மாத்திடுங்க" என்கிறார். உரத்துக்கு வைத்திருந்த பணம் பாட்டரிக்குப் போகிறது.

"நான் ஓட்டவே இல்லையே சார், சும்மா நின்ன பாட்டரி எப்படிக் கெடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. சும்மா நின்றதுதான் காரணம்.

பாட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பம் 10 டிகிரி சென்டிகிரேடு கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இரண்டு பங்காகும். நம் சித்திரை, வைகாசி வெயிலைச் சொல்லவே வேண்டாம். சார்ஜ் இறங்க இறங்கத் தகட்டின் மேல் வெள்ளை உப்பு படியும். சாப்பிட்ட தட்டை உடனே கழுவினால் சோறு போய்விடும். ஒரு வாரம் காயவிட்டால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது, இல்லையா? அதே கதைதான். புதிதாகப் படிந்த உப்பு சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். மாதக் கணக்கில் விட்டால் கெட்டியாகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது.

குளிர் நாடுகளில் மாரிக்காலத்தில் வண்டியை நிறுத்திவைப்பார்கள். சார்ஜ் இறங்கிய பாட்டரி அங்கே உறைந்து வெடித்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை, வெயில்தான் எதிரி.

ஆகவே நிறுத்துகிற அன்றே முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ். பெரும்பாலான டிராக்டர்களில் மைனஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பூவை ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடையுங்கள். சோடாத் தண்ணீர் செல்லுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது.

மூடி திறக்கும் பாட்டரியானால் தண்ணீர் மட்டம் பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால், மறையும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டுச் சார்ஜ் ஏற்றி, முடிந்த பிறகு குறி வரை நிரப்புங்கள். சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் ஆசிட் வழியும். போர்த் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. "ஆசிட் கொஞ்சம் ஊத்தினா பவர் ஏறும்" என்று சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

சார்ஜ் வேகம் பாட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு போதும். 80 ஆம்பியர்-அவர் பாட்டரிக்கு 8 ஆம்பியர். அவசரப்பட்டு அதிகம் ஏற்றினால் தகடு வளையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், எளிதில் தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பை எடுக்க வேண்டும்.

பிறகு நிழலான, காற்று வரும் இடத்தில் ஒரு பலகைமேல் வைத்துவிடுங்கள். தரையில் வைத்தால் சார்ஜ் பூமிக்கு இறங்கிவிடும் என்பது பழைய காலப் பெட்டிகளுக்குச் சொன்னது, இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தாது. பலகை, தரையை ஆசிட்டிலிருந்து காப்பதற்குத்தான்.

மாதம் ஒரு முறை சோதியுங்கள். வோல்ட் மீட்டரில் 12.6-க்கு மேல் இருந்தால் நல்லது, 12.4-க்கு இறங்கினால் சார்ஜ் ஏற்றுங்கள். ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஆறு செல்லையும் பாருங்கள். ஐந்து ஒரே அளவில் இருந்து ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் பழுது. இதை ஜூனில் தெரிந்துகொள்வதைவிட ஏப்ரலில் தெரிந்துகொள்வது மேல். மூடி திறக்காத பாட்டரிக்குத் தண்ணீர் வேலை இல்லையே தவிர, சார்ஜ் வேலை உண்டு.

இன்னொன்று. "வாரம் ஒரு தரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேனே" என்பார்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்தை ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும் இஞ்சின் திருப்பித் தராது. வாரா வாரம் கடன்தான் ஏறும். ஓட்டுவதானால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், நடுத்தர வேகத்தில் ஓட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். இறுக்கிய பிறகு டெர்மினல்மேல் வாசலைன் தடவுங்கள், மறுபடி பூ பூக்காது.