இடுப்பைச் சுற்றி ஒரு நாடா

ஒல்லியாக இருந்தால் சர்க்கரை வராது என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். அது தவறு.

2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக். மற்றவர் லண்டன்காரர், யுட்கின். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம். ஆனால் யாக்னிக் உடம்பில் கொழுப்பு இரண்டு மடங்குக்கும் மேல்!

நம்மவர்களுக்கு இந்தக் கொழுப்பு வயிற்றில்தான் அதிகம் சேர்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். அடி விழுவது சிறுநீரகத்துக்கு. டீ வடிகட்டியின் வலை பழுதானால் தூள் டம்ளரில் இறங்குமே, அதுபோல ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கும். வலி இருக்காது. ஆரம்பத்தில் வீக்கமும் இருக்காது.

அதனால்தான் டெல்லி மருத்துவர் அனூப் மிஸ்ரா முதலானோர் 2009-இல் இந்தியர்களுக்கென்றே தனி வரம்பை வெளியிட்டார்கள். அமெரிக்கக் கணக்கில் ஆணின் இடுப்புச் சுற்றளவு 102 சென்டிமீட்டரைத் தாண்டினால் அபாயம். நமக்கு 90-லேயே அபாயம். நம் பெண்களுக்கு 80.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள். தையல் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றுங்கள். மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள்.

ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80. அதை எட்டிவிட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு, சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.